ஒரே வீட்டில் நான்கு தலையிடிகள்

எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள் எப்போதும் ஒரு பனடோல் அட்டை இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது பொது. ரியூஷன் விட்டு வந்தால் எனக்குத் தலையிடி. வயலால் வந்தால் வாப்பாவுக்குத் தலையிடி. உம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் தலையிடி. உம்மம்மாவுக்குப் படுக்கையை விட்டு எழும்பும்போது தலைச்சுற்று. நான்கு பேருக்கும் ஓங்காளமும் இடைக்கிடை வரும். நான்கு பேரும் அதே லாச்சியைத்தான் திறப்போம்.

நான்கு பேருக்கும் இருந்தது ஒரே வருத்தம் இல்லை என்று விளங்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் வாப்பாவை இழக்கும் நிலைக்கும் போய் வந்தோம். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் டொக்டர் அல்ல, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு மாணவி. இங்கே எழுதுவது மருந்துச் சீட்டு அல்ல. காரணத்தைத் தேட வேண்டும் என்ற எண்ணத்தை உங்கள் வீட்டிலும் உண்டாக்கவே எழுதுகிறேன். வீட்டாரின் கதைகளை அவர்களுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன?

தலையிடி என்றால் மூளை வலிக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் மூளையின் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள உறைகள், இரத்தக் குழாய்கள், தலையிலும் கழுத்திலும் உள்ள தசைகள், கண், மூக்கை அடுத்துள்ள எலும்புக் குழிகள் ஆகியவற்றிலிருந்தே வலி வருகிறது.

சத்தியைக் கட்டுப்படுத்தும் மையம் மூளையின் அடிப்பகுதியில், நீள்வளைய மையவிழையத்தில் இருக்கிறது. வயிற்றிலிருந்தும், உட்செவியின் சமநிலை உறுப்பிலிருந்தும், இரத்தத்தில் கலந்துள்ள நஞ்சுகளைப் பற்றியும் அதற்குச் செய்தி போகிறது. தலையில் கடும் வலி வந்தாலும் அது தூண்டப்படும். ஆகவே வயிறு, காது, இரத்தம், தலை ஆகிய எதில் கோளாறு வந்தாலும் தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று மூன்றும் ஒன்றாக வரக்கூடும். அவை ஒரு நோயின் பெயர் அல்ல. எங்கோ கோளாறு இருக்கிறது என்பதற்கான அறிகுறிகள்.

இது புதிய அறிவும் அல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா (980-1037) தமது ‘அல்-கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பின் நோய்களையும் வரிசையாக விளக்கும்போது, தலையிடியைக் காரணத்தின்படி பல வகையாகப் பிரித்தே பேசினார். நாம் மட்டும் இன்றும் எல்லாவற்றையும் ‘தலையிடி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு லாச்சியைத் திறக்கிறோம்.

முதலாவது: என்னுடைய தலையிடி

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் எனக்குக் கிழமையில் நான்கைந்து நாள் தலையிடி வரும். படியேறினால் நெஞ்சு படபடக்கும். காலைக் கூட்டத்தில் நின்றால் கண் இருட்டும். “போனைப் பார்க்கிறதால வருது மகள்” என்றார் வாப்பா. “கண்ணூறு பட்டிருக்கு” என்று உம்மம்மா தண்ணீர் ஓதித் தந்தார். ஒருநாள் காலைக் கூட்டத்தில் விழுந்த பிறகுதான் உம்மா என்னை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார்.

அங்கிருந்த பெண் டொக்டர் மருந்து எழுதுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். “பிள்ளை, காலையில என்ன சாப்பிட்டனீங்கள்?”

“தேத்தண்ணி குடிச்சனான் டொக்டர்.”

“சாப்பாடு?”

“இல்லை. பஸ் ஆறரைக்கு வந்திடும்.”

“தண்ணீர்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. பாடசாலையில் மலசலகூடம் போக வேண்டி வரும் என்று நான் காலையிலிருந்து வீட்டுக்கு வரும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இங்க வாற பிள்ளையள் கனபேர் இதைத்தான் சொல்லுறவை” என்றார். பிறகு மாதவிடாயைப் பற்றிக் கேட்டார். எனக்கு ஏழு எட்டு நாள் அதிகமாகப் போகும். அது வழமைதான் என்றே நானும் உம்மாவும் நினைத்திருந்தோம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஹீமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. அது குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் ஒட்சிசன் போதாது. இதயம் கூடுதலாக ஓட வேண்டும். படபடப்பும், களைப்பும், தலையிடியும், கண் இருட்டுவதும் அதனால்தான். வெறும் வயிறும் வறண்ட உடலும் சேர்ந்தால் கேட்கவே தேவையில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடசாலையில் கிழமைக்கு ஒரு தடவை தரப்படும் இரும்புச்சத்துக் குளிசையை நானும் என் தோழிகளும் மணம் பிடிக்காமல் யன்னலால் எறிந்திருக்கிறோம். அந்தக் குளிசை யாருக்காக வந்ததோ அந்தப் பிள்ளை நான்தான்.

நான் கற்றுக்கொண்டவை இவை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் தேயிலையில் உள்ள ரனின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றில் உள்ள விற்றமின் சி இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும். ஈரலிலும் இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு இலகுவில் உடலில் சேரும். முருங்கையிலை, பயறு, கௌபி ஆகியவற்றில் உள்ள இரும்பு மெதுவாகச் சேரும். அவற்றைத் தேசிப்புளியோடு சாப்பிடுவது நல்லது. குளிசை குடிக்கும் காலத்தில் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் வெட்கப்படாமல் உம்மாவிடம் சொல்ல வேண்டும், டொக்டரிடம் காட்ட வேண்டும். இது நமது உயிரியல் பாடத்தில் உள்ள விடயம்தான்.

இரண்டாவது: வாப்பாவின் தலையிடி

வாப்பாவுக்கு வயல்தான் தொழில். மருந்தடிக்கும் நாட்களில் மட்டும் தலையிடியோடு வருவார். “வெயில்தான்” என்பார். கச்சான் காற்று வீசும் சிறுபோக காலத்தில் வன்னி வெயில் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாங்களும் நம்பினோம்.

ஒருநாள் அஸருக்குப் பிறகு வந்தவர் திண்ணையில் சாய்ந்துவிட்டார். தலை இடிக்கிறது, சுற்றுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். நான் இரண்டு பனடோல் கொடுத்தேன். உம்மா கோப்பி ஊற்றிக் கொடுத்தார். சத்தி எடுத்தார். உடம்பெல்லாம் வியர்வை. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. கண் மங்குகிறது என்றார். நான் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்போது மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவ்வளவு நேரத்தை நாங்கள் வீணாக்கியிருந்தோம்.

பக்கத்து வீட்டு நானா வந்து பார்த்தவுடன், “இது மருந்து ஏறினது; 1990க்கு அடிங்க” என்றார். அது இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம். ‘சுவசெரிய’ என்ற அந்தச் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் வடக்குக்கும் வந்தது. அந்த இலக்கத்தைக் கேட்டதும் உம்மம்மா நிமிர்ந்து பார்த்தார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கையில் ஒரு பையோடு புத்தளத்துக்குப் போனவர் அவர். எங்கள் வீட்டில் அந்த எண்ணை யாரும் இலேசாகச் சொல்வதில்லை. அன்று இரவு அந்த எண்தான் வாப்பாவைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர் பாடத்தில் படித்தபோதுதான் நடந்தது விளங்கியது. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தியைக் கொண்டு செல்லும் பொருள்களில் ஒன்று அசற்றைல்கோலின். வேலை முடிந்தவுடன் அதை உடைக்க ஒரு நொதியம் உண்டு. ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகைப் பூச்சிநாசினிகள் அந்த நொதியத்தைத் தடுத்துவிடும். அப்போது செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் பெருகும், கருமணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும். தொடக்கத்தில் வருவது வெறும் தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று மட்டுமே. வெயில் களைப்பிலும் இதே மூன்றும்தான் வரும். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

மிகவும் நச்சுத்தன்மையான பல பூச்சிநாசினிகள் 1995 இலும் அதன் பின்னரும் இலங்கையில் தடை செய்யப்பட்டன. அதற்காக மிச்சமுள்ளவை பாதுகாப்பானவை என்று சொல்ல முடியாது. வாயால் குடித்தால் மட்டும்தான் நஞ்சு என்று வாப்பா நினைத்திருந்தார். தோலாலும் மூச்சாலும் அது உடலுக்குள் போகும். முதுகில் உள்ள தாங்கி ஒழுகி நனைந்த சட்டையோடு அவர் அரைநாள் நின்றிருக்கிறார்.

இப்போது அவர் காற்றுக்கு முகம் கொடுத்து அடிப்பதில்லை. காலை இளவெயிலில் மட்டுமே அடிக்கிறார். முழுக்கைச் சட்டை, கையுறை, சப்பாத்து அணிகிறார். சவர்க்காரத்தால் கை கழுவாமல் தேத்தண்ணி குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் குளிக்கிறார். அந்த உடுப்பை உம்மா எங்கள் உடுப்போடு சேர்த்துத் துவைப்பதில்லை. மருந்தடித்த பிறகு ஒருவருக்கு இந்தக் குறிகள் வந்தால், உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது: உம்மாவின் தலையிடி

உம்மாவுக்கு ஒரு பக்கத் தலை விண் விண் என்று இடிக்கும். வெளிச்சம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது. அறையை இருட்டாக்கிவிட்டுப் படுப்பார். சத்தி எடுத்தால் கொஞ்சம் ஆறும். இது ஒற்றைத் தலையிடி. நம் பக்கத்தில் கபாலக்குத்து என்றும் சொல்வார்கள். மருந்து எடுக்காவிட்டால் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும். பரம்பரையாகவும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மாதவிடாயை ஒட்டி வருவதும் உண்டு. நித்திரைக் குறைவு, பசி, கடும் வெயில், அடுப்புப் புகை, மனக்கவலை ஆகியவை அதைத் தூண்டும். தலையிடி நோய்கள் உலகில் ஏறத்தாழ 40 சதவீதமானோரைப் பாதிக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே இது பெண்களின் ‘சாட்டு’ அல்ல, உண்மையான வருத்தம்.

உம்மாவின் விடயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முன்பு மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது, பின்னர் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கியது. காரணம் அந்த லாச்சிதான். பனடோல் போன்ற வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடித்தால், அந்த மருந்தே தலையிடியை வரவழைக்கும். குளிசை குடித்தால் குறையும், அதன் வேகம் தணிந்ததும் திரும்ப வரும், திரும்பக் குடிப்போம். வைத்தியர் சொன்னபடி நிறுத்தியபோது முதல் கிழமை உம்மா மிகவும் கஷ்டப்பட்டார். பிறகு குறைந்தது. இப்போது வராமல் தடுக்கும் மருந்தொன்று குடிக்கிறார். பெரியவர்கள் ஒரு நாளில் 500 மில்லிகிராம் பனடோல் எட்டுக்கு மேல் குடிக்கக் கூடாது. மிஞ்சினால் ஈரல் பழுதாகும் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

நான்காவது: உம்மம்மாவின் தலைச்சுற்று

டொக்டர் உம்மம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “அம்மா, அறை சுத்துதா, இல்லாட்டி விழப் போற மாதிரி இருக்குதா?” இரண்டும் வேறு வேறாம். எழும்பி நிற்கும்போது கண் இருட்டி விழப்போவது போலிருந்தால் இரத்த அழுத்தம் இறங்குவதாலோ, அழுத்தத்துக்குக் குடிக்கும் மருந்தாலோ, நீர் வறட்சியாலோ இருக்கலாம். அறையே சுழல்வது போலிருந்தால் பெரும்பாலும் காது.

உம்மம்மாவுக்கு வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் கூரை சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். உட்செவியில் சமநிலையை உணர உதவும் மிக நுண்ணிய சுண்ணக் கற்கள் இடம் மாறினால் இப்படி வரும். அதற்கு டொக்டர் குளிசை கொடுக்கவில்லை. தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பிப் படுக்க வைத்து, கற்களை உரிய இடத்துக்குப் போகச் செய்தார். இரண்டு வருடமாக ஓதிப் பார்த்ததற்கும் குடித்த பனடோலுக்கும் குறையாதது சில நிமிடத்தில் குறைந்தது. உம்மம்மா அந்த டொக்டருக்கு இப்போதும் துஆச் செய்கிறார். ஓதிப் பார்ப்பதை யாரும் விட வேண்டியதில்லை. அதோடு மருத்துவத்தையும் நாடச் சொன்னது நம் மார்க்கம்தான்.

நோன்புத் தலையிடி

ரமழானின் முதல் சில நாட்களில் பின்னேரமானால் பலருக்குத் தலை இடிக்கும். அதற்குப் பசியும் நீர் வறட்சியும் மட்டும் காரணமல்ல. நாளாந்தம் நாலைந்து தேத்தண்ணி குடிப்பவர் அதைத் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கஃபீன் குறைவால் தலையிடி தொடங்கும். ஆகவே ஷஃபான் மாதத்திலேயே தேத்தண்ணியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஸஹரைத் தவற விடக் கூடாது. நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். இராத் தொழுகைக்குப் பிறகு போனோடு விழித்திருக்கக் கூடாது. நோயாளி நோன்பைப் பிறகு கழாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. சீனி வருத்தத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து குடிப்பவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரோடு பேசிக்கொள்வது நல்லது.

மறந்துவிடக் கூடாத வேறு காரணங்கள்

வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்கும் பிள்ளைக்குப் பின்னேரத் தலையிடி வந்தால், கண்ணாடி தேவைப்படலாம். கண்ணாடி போட்டால் கலியாணம் தடைப்படும் என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பைப் பலியிட முடியுமா?

மாரி மழைக் காலத்தில் காய்ச்சலோடு தலையிடியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது அஸ்பிரின், புறூபன் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. இரத்தப் பெருக்கு ஏற்படும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் தலையிடியும் வந்து, கெண்டைக்கால் நொந்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும்.

வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. சில இடங்களில் புளோரைட்டும் கூடுதல். சவர் என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் வீடுகள் உண்டு. காரணம் இன்னும் உறுதியாக நிறுவப்படாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தில் மட்டுமல்ல, வவுனியாவின் சில பகுதிகளிலும் இருக்கிறது. தொடக்கத்தில் அது எந்தக் குறியையும் காட்டாது. ஓங்காளமும் பசியின்மையும் களைப்பும் பிந்தித்தான் வரும். ஆகவே பரிசோதனை முகாம் நடந்தால் பெரியவர்களைக் கூட்டிப் போங்கள்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

வாழ்க்கையில் ஒருபோதும் வராத அளவுக்குத் திடீரெனக் கடும் தலையிடி வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தலையில் அடிபட்ட பிறகு சத்தி எடுத்தால், ஒரு கை கால் பலம் இழந்தால், பேச்சுக் குழறினால், பார்வை போனால், வலிப்பு வந்தால், கர்ப்பிணித் தாய்க்குத் தலையிடியும் கண்ணில் மின்னலும் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் தலையிடியும் சத்தியும் வந்தாலோ, 50 வயதுக்குப் பிறகு முதல் முறையாகத் தலையிடி தொடங்கினாலோ அதையும் விரைவில் காட்ட வேண்டும்.

ஒரு கொப்பி போதும்

என்னைப் பார்த்த டொக்டர் சொன்னபடி நான் ஒரு பழைய கொப்பியில் எழுதத் தொடங்கினேன். தலையிடி வந்த திகதி, நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், அன்று என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், மாதவிடாயின் எத்தனையாம் நாள், என்ன மருந்து குடித்தேன் ஆகியவற்றை நான்கு கிழமை எழுதினேன். காலையில் சாப்பிடாத நாட்களும் தலையிடி வந்த நாட்களும் ஒன்றாகவே இருந்தன. இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை.

வாப்பாவுக்கும் இப்படி ஒரு கொப்பி முன்பே இருந்திருந்தால், மருந்தடித்த நாட்களில் மட்டுமே அவருக்குத் தலையிடி வந்ததை நாங்கள் எப்போதோ கண்டிருப்போம். அன்று பின்னேரம் நான் கொடுத்த இரண்டு பனடோலை நினைத்தால் இப்போதும் எனக்கு நித்திரை வருவதில்லை. வாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மூன்று மாதம் இரும்புச்சத்துக் குளிசை குடித்த பிறகு என் ஹீமோகுளோபின் 12.1 என்று வந்த அன்று, அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “கொப்பியை விட்டுடாதீங்க மகள்” என்று மட்டும் சொன்னார்.

தோழிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் லாச்சியைத் திறந்து பாருங்கள். அட்டை யாருக்காகக் கரைகிறது என்று கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை தலையிடிக்குது என்றால், “படிக்கக் கள்ளம்” என்று சொல்வதற்கு முன் அன்று காலை அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு தடவை கேளுங்கள். எங்கள் லாச்சியில் பனடோல் அட்டை இப்போதும் இருக்கிறது. அதன் மேலே அந்தக் கொப்பி இருக்கிறது. முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் அட்டையைத் தொடலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.